வசவெல்லாம் வாளிக்கு

“தூக்கித் தூக்கி எறியிறயே, ஒனக்கென்ன கை வலிக்குதா? பச்சப் புள்ளயக் குளுப்பாட்டுற மாதிரி பைய எறக்கணும்னு நேத்துத்தான படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? காதுல வாங்குனயா? ஒனக்கெல்லாம் எங்கிட்டு ஏறப் போகுது!”

சோணையம்மாள் இப்படி வைதுகொண்டிருந்தது ஒரு நீல வாளியை. வாளி பாவம், சும்மா இருந்தது. அதற்கு நாலடி தள்ளி, வாழைச் சீப்புகளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பொத்துப் பொத்தென்று போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கை மட்டும் நிதானமானது. அடுத்த சீப்பு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. சோணையம்மாள் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அந்தப் பெண்ணை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் போகிற சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி அந்தப் பழக் கம்பெனி இருக்கிறது. பெயர் வேண்டாம். சுற்று வட்டாரத்தில் வெட்டுகிற வாழைத் தார்கள் அங்கே வந்து, சீப்புச் சீப்பாக அறுபட்டு, குளித்து, எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, அட்டைப் பெட்டிக்குள் படுத்து, குளிர்சாதன லாரியில் ஏறி, பிறகு கப்பலில் துபாய்க்குப் போகின்றன. எனக்கும் பக்கத்தில் இரண்டு ஏக்கர் வாழை உண்டு. காய் ஏற்றி வருகிற நாட்களில் என் லாரியின் முறை வரும்வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். பொழுது போவதற்குக் குறைவே இல்லை. சோணையம்மாள் இருக்கிறார்.

வயது ஐம்பத்தொன்று. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை. தலையில் மஞ்சள் தொப்பி. மற்ற முப்பது பெண்களுக்கும் நீலத் தொப்பிதான். மஞ்சள் சூப்பர்வைசருக்கு மட்டும். கொண்டை பெரியது என்பதால் தொப்பி ஒரு நாளும் நேராக உட்கார்ந்ததில்லை. யாரையும் விரல் நீட்டிக் காட்டமாட்டார், முகவாயால்தான் காட்டுவார். வேலை நன்றாக இருந்தால் வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தப்பு வந்தால் பெயர் மறந்துபோகும், பக்கத்திலிருக்கிற பொருள் மாட்டிக்கொள்ளும்.

அதிலும் ஒரு கணக்கு உண்டு. சின்னத் தப்புக்கு வாளி. கொஞ்சம் பெரிய தப்புக்கு எடை மெஷின். ஒரு பெட்டியே பாழாகிற மாதிரி தப்பு என்றால் கத்தி. தலையைத் தூக்கி மின்விசிறியை வைதால் அது மேனேஜருக்கு. இந்தக் கணக்கை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். காலையில் வாளிக்கு வசவு வாங்கித் தந்தவளிடம் மதியச் சாப்பாட்டில் போய், “என்ன ஊறுகா கொண்டாந்திருக்க, ஒரு துண்டு போடு” என்று தட்டை நீட்டுவார். ஊறுகாய் விழுந்தால் விவகாரம் முடிந்தது.

“ஆள வஞ்சா அவ வீட்டுக்குப் போயி அழுவா. வாளிய வஞ்சா வாளியா அழுகப் போகுது?” என்றார் என்னிடம். “இங்கன வேல பாக்குற பாதிப் பேரு எனக்கு ஏதோ ஒரு மொறைக்கு ஒறவு. காலையில மூஞ்சிக்கு நேரா வஞ்சிப்பிட்டுச் சாயங்காலம் ஒரே பஸ்ஸுல ஒரே சீட்டுல எப்பிடி ஒக்காந்து போறது?”

தார் அறுக்கிற முதல் மேசையில் இன்னொரு வழக்கமும் உண்டு. வளைந்த கத்தியை அங்கே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கமாட்டார்கள். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வந்துவிடும். மேசையில் வைக்க வேண்டும். மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மிளகாய், உப்புக்கு வீட்டில் பார்க்கிற அதே சாங்கியம்தான். யாராவது தெரிந்தே கத்தியைக் கையில் கொடுத்தால், இனிமேல் உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்று அர்த்தம்.

போன வருஷம் புது மேனேஜர் வந்தார். சுரேஷ்கண்ணன். வெளிநாட்டுக்காரர் இல்லை, தேனி அல்லிநகரத்துக்காரர்தான். ஆனால் எட்டு வருஷம் நெதர்லாந்தில் ஒரு பழக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முதல் நாளே தன்னை சுரேஷ் என்று பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். முப்பது பெண்களும் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். பேரம் பேசி, ‘சுரேசு சார்’ என்பதில் வந்து நின்றது.

அவர் ஒரு படிவம் கொண்டுவந்தார். யார், என்ன தப்பு, எத்தனை மணிக்கு, சூப்பர்வைசர் கையெழுத்து. வாராவாரம் திங்கட்கிழமை காலை எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும். தப்பு செய்தவரிடம் தப்பை நேரே சொல்ல வேண்டும். அவரே முதலில் செய்து காட்டினார்.

“ஜக்கம்மா, இந்த வாரம் உங்க வேலை சரியில்ல. பத்துச் சீப்புல மூணு கோணலா வெட்டியிருக்கீங்க.”

முகம் மலரச் சொன்னார். பத்து நிமிஷத்தில் தன் கையாலேயே ஜக்கம்மாவுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தார். திட்டு வேலைக்கு, டீ ஆளுக்கு என்பது அவர் பழகிவந்த முறை. அதில் கள்ளம் எதுவும் இல்லை. ஜக்கம்மா டீயைத் தொடவில்லை. அறுத்துக்கொண்டிருந்த கத்தியைக் கழுவித் துடைத்து, நேராக நடந்து வந்து, மேனேஜரின் உள்ளங்கையில் வைத்தார். “தேங்க்ஸ்” என்று சொல்லி அவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். முதல் மேசை மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்கே கேட்டது. மறுநாள் ஜக்கம்மாவும் வரவில்லை, அவருக்கு உறவான மற்ற எட்டுப் பெண்களும் வரவில்லை.

சோணையம்மாள் மேனேஜரைக் குறை சொல்லமாட்டார். “நல்ல மனுசந்தான். மனசுல ஒண்ணும் வச்சுக்கிற மாட்டாக. அவுக இருந்த ஊர்ல எல்லாரும் மூஞ்சிக்கு நேராத்தான் பேசுவாகளாம். பேசிப்பிட்டு ஒண்ணா ஒக்காந்து ரொட்டி திம்பாகளாம். என்ன பொழப்போ!” என்பார்.

மேனேஜர் என்னிடம் சொன்னது வேறு. “அந்தம்மா கெட்டிக்காரங்க சார். ஆனா அவங்க மனசுல இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்? ஃபேனத் திட்டுனா நான் புரிஞ்சுக்கணுமா?”

காலியான ஒன்பது இடத்துக்கு ஒடிசாவிலிருந்து ஒன்பது பெண்கள் வந்து சேர்ந்தார்கள். கம்பெனிக்குப் பின்னாலேயே அவர்களுக்கு அறைகள். அதில் சுபாஸ்ரீ என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போட்டார்கள். அவளும் சீப்பைப் பொத்தென்று போட்டாள். சோணையம்மாள் வழக்கப்படி வாளியை ஐந்து நிமிஷம் வைதார். சுபாஸ்ரீ தலையாட்டி, கவனமாகக் கேட்டாள். பிறகு அந்த வாளியை எடுத்துப்போய், சோப்புப் போட்டு, உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

“சுத்தம், அக்கா.”

மறுநாள் எடை மெஷினை வைதார். அதையும் துடைத்து வைத்தாள். ஒரு வாரத்துக்குள் அந்தக் கம்பெனியில் வசவு வாங்கிய சாமான்கள் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டன. சீப்பு மட்டும் பொத்தென்றுதான் விழுந்தது. கடைசியில் சோணையம்மாள் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்று, அவள் இரண்டு கைகளையும் தன் கைகளால் பிடித்து, சீப்போடு சேர்த்துத் தண்ணீருக்குள் இறக்கினார். ஒரு பத்து முறை. பேச்சே இல்லை. அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை.

சுபாஸ்ரீயிடம் இன்னொன்றும் இருந்தது. தப்பைப் பார்த்தால் பார்த்த இடத்திலேயே சொல்லிவிடுவாள், அது யாருடையது என்று பார்க்கமாட்டாள். ஒரு நாள் முழு மேசைக்கும் முன்னால், புதிதாகக் கற்ற தமிழில், “அக்கா, ஸ்டிக்கர் தலைகீழ். நீ ஒட்டினது” என்றாள். மற்றவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சோணையம்மாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழ்தான். பிய்த்து நேராக ஒட்டினார்.

“கோவம் வரலையா?” என்று கேட்டேன்.

“சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா ராவைக்குப் படுத்தா ஒறக்கம் நல்லா வந்துச்சு. சாட பேசுனா, நம்மளத்தான் சொன்னாகளா, இல்லையான்னு நெனச்சுக்கிட்டே கெடப்பமே, அது இல்ல” என்றார்.

மேனேஜரும் ஒரு முறை சாடை பேசிப் பார்த்தார். அதையும் சொல்ல வேண்டும். பெட்டியில் எடை குறைகிறது என்று எடை போடுகிற பெண்ணிடம் நேரே சொல்லாமல், மெஷினைப் பார்த்து, “இந்த மெஷின் இப்பல்லாம் சரியா வேலை செய்யறதில்ல” என்றார். மாலைக்குள் சின்னமனூரிலிருந்து மெக்கானிக் வந்து மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டார். சாடைக்கு ஒரு ராகம் வேண்டும். அவரிடம் அது எட்டு வருஷத்தில் கழன்றுவிட்டது. அன்று முழுவதும் சோணையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே திரிந்தார்.

விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது போன மாசம் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. துபாயிலிருந்து படங்கள் வந்தன. பெட்டிக்குப் பெட்டி காய்களில் கத்தி பட்ட காயம். பழுக்கும்போது கறுத்து, அழுகியிருந்தது. மேனேஜர் மூன்று நாள் பார்த்து, காயம் முதல் மேசையில்தான் விழுகிறது என்று கண்டுபிடித்தார். அங்கே கத்தி பிடிக்கிறவர்கள் மூன்று பேர். அதில் யார் என்பதைச் சூப்பர்வைசர்தான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பெயர் வர வேண்டும். வராவிட்டால் மஞ்சள் தொப்பி வேறு ஒருவருக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

யார் என்பது சோணையம்மாளுக்கு இரண்டு மாசமாகத் தெரியும். மொக்கம்மாள். ஐம்பத்தெட்டு வயது. தார் அறுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கியவர். சோணையம்மாளின் மகள் நதியாவைத் தன் மகனுக்கு எடுத்திருக்கிறவர். சம்பந்தி.

மொக்கம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது. பஸ் வந்தால் பலகையைப் படிக்காமல் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கிறார். அரிசியில் கல் பொறுக்க மருமகளை விடுகிறார். வெளியே சொன்னால் கத்தி போய்விடும் என்று பயம். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று அதைவிடப் பயம்.

சோணையம்மாள் தன்னால் ஆனதைச் செய்துதான் பார்த்திருக்கிறார். இரண்டு மாசமாக அந்தக் கத்தியை வைதார். “காம்பு எங்கன இருக்கு, காய் எங்கன இருக்குன்னு ஒனக்குத் தெரியலையா? கண்ண அடமானம் வச்சுட்டயா?” என்று நான் இருக்கும்போதே வைதிருக்கிறார். மொக்கம்மாள் வசவைச் சரியாகவே வாங்கிக்கொண்டார். மறுநாள் எல்லாருக்கும் முந்தி வந்து கத்தியைச் சாணைக் கல்லில் தீட்டினார். கூர் ஏறிய கத்தி காயில் இன்னும் ஆழமாக இறங்கியது. சோணையம்மாள் மறுபடி வைதார். மொக்கம்மாள் மறுபடி தீட்டினார். இரண்டு மாசத்தில் அந்தக் கத்தி மற்ற கத்திகளில் பாதி அகலத்துக்குத் தேய்ந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் என் லாரியின் நிழலில் வந்து உட்கார்ந்தார் சோணையம்மாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“வார வெசாலக்கெழம நதியாளுக்கு வளகாப்பு. முடிச்ச கையோட நான் அவள எங்க வீட்டுக்குக் கூட்டியாரணும். மொதப் பேறுகாலம். எங்க மொக்கம்மா மதினிய நாலு பேரு முன்னால பேரு சொல்லிட்டேன்னு வையுங்க, புள்ளய அனுப்ப மாட்டாக. அனுப்புனாலும் அந்த வீட்டுல எம் மக தல நிமுந்து ஒரு வா சோறு திங்க முடியாது.”

“தனியாச் சொல்லிப் பார்க்கலாமே?”

“பஸ்ஸுல நாலு நாளா வாயி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். எங்க ஆளுகள்ல சம்மந்திக்குச் சம்மந்தி கொறை சொல்லிக்கிற மாட்டோம்.” தொப்பியின் விளிம்பில் காய்ந்திருந்த வாழைக் கறையைச் சுரண்டினார். “சொல்லாட்டி இது போயிரும். இது எம் புருசன் வாங்கித் தந்ததில்ல, எங்கப்பன் வீட்டுச் சீரும் இல்ல. நானா வாங்குனது. லாரிக்கார ஆம்பளயெல்லாம் இதப் பாத்துத்தான் ஒதுங்கி நிக்கிறான்.”

அவர் என்னிடம் யோசனை கேட்டு வரவில்லை. தொப்பியைக் கொண்டையில் அமுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை நான் காய் ஏற்றிப் போக வேண்டிய நாளே இல்லை. போனேன். பொய் சொல்வானேன், வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

பெண்கள் வட்டமாக நின்றார்கள். மேனேஜர் கையில் படிவம். முதல் மேசையில் மூன்று கத்திகள். மொக்கம்மாள் தன் கத்திக்குப் பக்கத்தில் நின்றார். அவர் பார்வை எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

“திட்டறதுக்காகக் கேக்கல” என்றார் மேனேஜர். “தப்பு எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் சரி பண்ண முடியும். சொல்லுங்க.”

சோணையம்மாள் மேலே மின்விசிறியைப் பார்த்தார். கீழே வாளியைப் பார்த்தார். கடைசியில் முகவாய் மேசைப் பக்கம் திரும்பியது. “இந்தக் கத்தி இருக்கே” என்று ஆரம்பித்தார். “இந்தக் கத்திக்குத்தான் ரெண்டு மாசமா...”

வட்டத்திலிருந்து சுபாஸ்ரீ வெளியே வந்தாள். முகவாய் காட்டிய கத்தியை மேசையிலிருந்து எடுத்தாள். கட்டைவிரலால் கூரைத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் கிடந்த தார்த்தண்டில் ஒரு வெட்டு வைத்தாள், சுத்தமாக இறங்கியது. எடுத்த இடத்திலேயே கத்தியைத் திரும்ப வைத்தாள்.

“கத்தி நல்லா இருக்கு, அக்கா.”

அவள் உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். உள்ளூர்ப் பெண்கள் இருபது பேரும் அவளைச் சுட்டெரிப்பதுபோலப் பார்த்தார்கள். சோணையம்மாள் பார்க்கவில்லை. இன்னும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வைவதற்கு அங்கே இனி ஒரு சாமானும் பாக்கி இல்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

நிமிர்ந்தார். திரும்பி மொக்கம்மாளின் முகத்தைப் பார்த்தார்.

“மதினி. கத்தி மேல தப்பில்ல. ஒங்களுக்குக் கண்ணு தெரியல. எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். வாயத் தொறக்காம இருந்தது எந்தப்பு.”

மேனேஜர் பேனாவைத் திறந்தவர் எழுதாமல் நின்றார்.

“நாளைக்குத் தேனிக்குக் கண்ணாசுபத்திரிக்குப் போவோம், நானும் லீவு போட்டுட்டுக் கூட வாரேன். பாத்துட்டு வார வரைக்கும் நீங்க பெட்டிக்கு அட்ட மடிங்க. வந்து மறுபடி கத்தி புடிங்க. வேற ஆருக்கும் இந்த எடத்தக் குடுக்க விட மாட்டேன். இப்பக் கத்திய எங்கிட்டக் குடுங்க.”

வலது கையை நீட்டினார். உள்ளங்கை மேல்நோக்கி இருந்தது. ஜக்கம்மா கத்தி வைத்த நாளில் மேனேஜரின் கை இருந்த மாதிரியே. ஆனால் இந்தக் கை தெரிந்தே நீட்டிய கை.

மொக்கம்மாள் மேசையைத் துழாவிக் கத்தியை எடுத்தார். தொட்டித் தண்ணீரில் கழுவினார். புடவைத் தலைப்பில் இரண்டு பக்கமும் துடைத்தார். அவசரமே படவில்லை.

“இத்தன பேரு முன்னால சொல்லிப்பிட்டயே ஆத்தா” என்றார்.

“ஆமா மதினி.”

“தெனமும் கத்திய வஞ்ச. நானும் தெனமும் தீட்டுனேன். எனக்கு மட்டும் தெரியாமயா இருந்துச்சு?”

சோணையம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை. மொக்கம்மாள் நடந்து வந்து அந்தக் கைக்கு நேரே நின்றார். கத்தி இரண்டு பேருக்கும் நடுவே, அந்த உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே நின்றது. நீலத் தொப்பிகள் எல்லாம் அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டிருந்தன.

மொக்கம்மாள் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய், தடவிப் பார்த்து, கத்தியை மேசை மேல் வைத்தார். பிறகு அதன் கைப்பிடியைச் சோணையம்மாள் பக்கமாகத் திருப்பிவிட்டார்.